சி.ஐ.எஃப். விலைக்கு வாங்கிய சரக்கு நனைந்து வந்தால் நட்டம் யாருக்கு?

புதுவழி:

அனைவருக்கும் வணக்கம். பம்ப் உதிரிபாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறேன். ஒரு இருபதடி கன்டெய்னர் சரக்கு, சி.ஐ.எஃப். விலை, அதாவது சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் எங்கள் துறைமுகத்தின் பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது. நேற்று கதவைத் திறந்தபோது ஒரு பக்கம் இருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப்போயிருந்தன. உள்ளே பேரிங்குகளில் துரு. விற்றவரிடம் கேட்டால், "கப்பலில் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது" என்கிறார். கப்பல் கட்டணம் கட்டியவர் அவர், காப்பீடு எடுத்தவரும் அவர். எங்கள் துறைமுகம் வரை என்றுதானே விலை பேசினோம்? வழியில் கெட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கப்பல் நிறுவனத்தின் பில்லில் டி.எச்.சி., டெமரேஜ், டிடென்ஷன் என்று மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றா, வேறா? சுங்க முகவரோ, "பம்ப் உதிரிபாகம் என்று ஒரே வரியில் அறிவித்தால் செல்லாது, பிரித்துத் தாருங்கள்" என்கிறார். எதற்காகப் பிரிக்க வேண்டும்?

நங்கூரம்:

விளக்கம் பிறகு. இன்று செய்ய வேண்டிய வேலை முதலில்.

நனைந்த பெட்டிகளை அப்புறப்படுத்த வேண்டாம். கன்டெய்னர் எண், சீல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, கப்பல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் சேத அறிவிப்பு அனுப்புங்கள். பெரும்பாலான பில் ஆஃப் லேடிங்குகள் (சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டுகள்), கப்பல்காரரின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக் அல்லது ஹேக்-விஸ்பி விதிகளையோ அவற்றை ஒட்டிய சட்டத்தையோ தழுவியவை. அவற்றின்படி, வெளிப்பார்வைக்குத் தெரியாத சேதம் என்றால் சரக்கைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், நீங்கள் வேறுவிதமாக நிரூபிக்கும்வரை, சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வழக்குத் தொடுக்க ஓராண்டு கெடு. விற்றவரோடு மாதக்கணக்கில் மின்னஞ்சலில் வாதாடிக்கொண்டிருந்துவிட்டு இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

அடுத்து, காப்பீட்டுச் சான்றிதழில் உங்கள் ஊர்ப்பக்கத்துச் சர்வே முகவரின் பெயர் அச்சிட்டிருக்கும். உடனே அவரை அழையுங்கள். வரும் சர்வேயரிடம் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். சரக்கை இறக்கியபின் ஓர் ஆள் கன்டெய்னருக்குள் நிற்க, கதவை வெளியிலிருந்து சாத்த வேண்டும். கூரையிலோ பக்கத் தகட்டிலோ ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே இருட்டில் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். கதவு ரப்பரின் இடுக்கும் அப்போது தெரியும். மற்றொன்று, நனைந்த இடத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் சில சொட்டு விடுவது. வெள்ளையாகத் திரண்டால் அங்கே உப்பு இருக்கிறது, கடல்நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். திரளாவிட்டால் மழைநீராக இருக்கலாம், அல்லது கன்டெய்னருக்குள் அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்து கூரையிலிருந்து சொட்டிய நீராக இருக்கலாம். எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் பணம் கேட்பது என்பது முடிவாகும்.

இனி உங்கள் கேள்வி. விற்றவர் சொல்வது சரி. சி.ஐ.எஃப்.பில் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. செலவின் எல்லை சேரிடத் துறைமுகம். இழப்புப் பொறுப்பின் எல்லை ஏற்றுத் துறைமுகம். சரக்கு கப்பலில் ஏறியவுடனே பொறுப்பு உங்களுக்கு மாறிவிடுகிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்கும் துறைமுகத்தின் பெயர் செலவின் எல்லையை மட்டும் காட்டுகிறது. பொறுப்பு மாறும் துறைமுகம் பல ஒப்பந்தங்களில் எழுதப்படுவதே இல்லை. வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். சி.எஃப்.ஆர். (கப்பல் கட்டணம் மட்டும் சேர்ந்தது), சி.பி.டி. (எவ்வழிக்கும் பயணக் கட்டணம் சேர்ந்தது), சி.ஐ.பி. (பயணக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது) ஆகியவற்றிலும் இப்படி இரண்டு எல்லைகள் உண்டு. விற்பவர் பயணச்செலவைக் கட்டி அனுப்பிவைக்கிறார், அவ்வளவே. பயணத்தின் ஆபத்து வாங்குபவருடையது. வந்து சேரும்வரை விற்பவரே ஆபத்தைச் சுமக்க வேண்டுமானால் டி.ஏ.பி. (சேரிடத்தில் ஒப்படைப்பு), டி.பி.யு. (சேரிடத்தில் இறக்கி ஒப்படைப்பு), டி.டி.பி. (இறக்குமதி வரியும் கட்டி ஒப்படைப்பு) ஆகிய மூன்றில் ஒன்றை எழுதியிருக்க வேண்டும்.

காப்பீட்டுச் சான்றிதழில் எந்த கிளாஸ் (காப்பீட்டு நிபந்தனை) எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏ, பி, சி என்ற ஓர் எழுத்து இருக்கும்.

புதுவழி:

மிக்க நன்றி ஐயா. அறிவிப்பு அனுப்பிவிட்டேன். சர்வேயர் நாளைக் காலை வருகிறார். சான்றிதழில் 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் சி' என்று இருக்கிறது.

நங்கூரம்:

நான் அஞ்சியது அதுதான். 'சி' என்பது பேரிடருக்கு மட்டுமான காப்பீடு. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுவது, மூழ்குவது, கவிழ்வது, மோதல், தரைவழியில் லாரி கவிழ்வது அல்லது ரயில் தடம் புரள்வது, கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் தள்ளுவது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாத சேதத்துக்குப் பணம் இல்லை. கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுவது 'பி'யில் உண்டு, 'சி'யில் கிடையாது. மழைநீர் இரண்டிலும் இல்லை. திருட்டும் இரண்டிலும் இல்லை. 'ஏ' மட்டும்தான், விலக்கப்பட்டவை போக மற்ற எல்லா இடர்களையும் ஏற்கிறது.

விற்றவர் விதியை மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சுருக்கச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் சர்வதேச இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு 'சி'தான். சி.ஐ.பி.யில் 'ஏ'. முன்பு 2010 பதிப்பில் இரண்டுக்கும் குறைந்தபட்சம் 'சி'யாகவே இருந்தது, 2020இல்தான் சி.ஐ.பி.க்கு உயர்த்தினார்கள். சி.ஐ.எஃப். மொத்தச் சரக்கு வணிகத்தில், அதாவது தானியம், தாது, எண்ணெய் போன்றவற்றில் பெரிதும் புழங்குவதால் அதைத் தொடவில்லை. கன்டெய்னரில் அட்டைப்பெட்டி வாங்குபவருக்கு 'சி' போதவே போதாது. சிறிது கூடுதல் பிரீமியம் கட்டினால் 'ஏ' கிடைத்திருக்கும். ஒப்பந்தத்தில் கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

வங்கிமேசை:

எல்.சி. (ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) ஆவணங்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. "சரக்கு கெட்டுப்போயிருக்கிறது, பணத்தை நிறுத்துங்கள்" என்று வங்கிக்கு வருபவர்கள் அதிகம். நிறுத்த முடியாது. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், எல்.சி.க்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிகளின் ஐந்தாம் பிரிவு இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை: வங்கி கையாள்வது ஆவணங்களை, ஆவணங்கள் குறிப்பிடும் சரக்கை அல்ல. காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் பணம் போய்விடும்.

"கிளீன் பில் ஆஃப் லேடிங் வந்திருக்கிறதே, சரக்கு நன்றாக இருந்தது என்றுதானே அர்த்தம்?" என்பார்கள். சரக்கோ அதன் பொதிகட்டலோ பழுதுபட்டது என்ற குறிப்பு அந்தச் சீட்டில் இல்லை, அதுதான் கிளீன். சீல் வைத்த கன்டெய்னரைக் கப்பல்காரர் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் 'அனுப்புநரே ஏற்றி, அடுக்கி, எண்ணியது', 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' போன்ற வாசகங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். வங்கியும் அந்த வாசகங்களை ஏற்கிறது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி சொல்லாது. அதற்கு ஏற்றுமதிக்கு முந்தைய பரிசோதனைச் சான்றிதழைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

அலைவரி:

இழைக்கு நடுவே ஒரு கேள்வி. 'சி' கிளாஸ் இவ்வளவு மெலிந்தது என்றால் அதனால் பயனே இல்லையா?

நங்கூரம்:

உண்டு. ஜெனரல் ஆவரேஜ் பங்கை 'சி'யும் ஏற்கும். கப்பலையும் சரக்கையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த தியாகத்தையும் செலவையும், பிழைத்த சொத்து எல்லாம் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை அது. கணக்குப் போடுவது யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகளின்படி. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாட்கள் சிக்கி நின்றதே, அதன் உரிமையாளர்கள் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். அப்படி அறிவித்துவிட்டால், கீறல்கூட விழாத சரக்கின் உரிமையாளரும் பத்திரம் எழுதிக்கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதமோ ரொக்கமோ கட்டினால்தான் பெட்டி கையில் கிடைக்கும். காப்பீடே இல்லாமல் அனுப்பியவர் ரொக்கத்துக்கு அலைய வேண்டியதுதான்.

புதுவழி:

சர்வேயர் வந்து போனார். சில்வர் நைட்ரேட் வெள்ளையாகத் திரண்டது. கூரையின் மூலைக்கு அருகே முன்பு ஒட்டுப்போட்ட ஓர் இடத்தின் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. அப்படியானால் காப்பீட்டில் ஒன்றும் கிடைக்காதா?

நங்கூரம்:

'சி'யில் கிடைக்காது. ஆனால் கப்பல் நிறுவனத்தின்மேல் உங்கள் கோரிக்கை இப்போது வலுவாகிவிட்டது. அந்த ஒட்டு பழையது என்றால், ஓட்டையுள்ள பெட்டியை அனுப்புநருக்குக் கொடுத்தவர்கள் அவர்களே. அனுப்புநர் காலிப் பெட்டியை எடுத்தபோது வாசலில் கையெழுத்தான உபகரணப் பரிமாற்றச் சீட்டின் நகலை விற்றவரிடமிருந்து வாங்குங்கள். ஓட்டையைப் பற்றிய குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டு தேவைப்படும். பொருள் ஏற்றுமுன் பெட்டியைச் சோதிக்க வேண்டியது அனுப்புநரின் கடமை என்று கப்பல் நிறுவனத்தார் பதில் வாதம் வைப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

அடுத்து, பில் ஆஃப் லேடிங்கில் பொதிகளின் எண்ணிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கப்பல்காரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. ஹேக்-விஸ்பி விதிகளின் இன்றைய வடிவில் பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது சேதமான சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோ எடையுள்ள 40 பெட்டிகள் கெட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் 'ஒரு கன்டெய்னர், பம்ப் பாகங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் கன்டெய்னர் முழுவதும் ஒரே பொதி. எடைக்கணக்கில் 1000 கிலோவுக்கு 2,000 எஸ்.டி.ஆர். வரம்பு. அதே சீட்டில் உள்ளே இத்தனை அட்டைப்பெட்டிகள் என்று எண்ணிக்கை இருந்தால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு பொதி. 40 பெட்டிகளுக்கு வரம்பு 26,666 எஸ்.டி.ஆரைத் தாண்டிவிடும். உண்மையான இழப்புக்கு மேல் கிடைக்காது என்றாலும், வரம்பு பதின்மூன்று மடங்கு உயர்கிறது. சீட்டை நிரப்புபவர் சோம்பல்படாமல் எழுதும் ஒரு எண்ணால் வரும் வித்தியாசம் இது. எல்லோரும் கப்பல் பெயரையும் தேதியையும் சரிபார்க்கிறார்கள். இந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

புதுவழி:

பெட்டிகளின் எண்ணிக்கை இருக்கிறது! 'ஒரு கன்டெய்னர், உள்ளே 480 அட்டைப்பெட்டிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள்.

தராசு:

நல்ல செய்தி. டெமரேஜ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் நெடுங்காலமாக இருக்கிறேன்.

டி.எச்.சி. என்பது துறைமுக முனையத்தில் பெட்டியைக் கையாளும் கூலி. தாமதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் தாமதத்துக்கானவை. கன்டெய்னர் வணிகத்தில் டெமரேஜ் என்றால் சரக்கோடு பெட்டி முனையத்துக்குள்ளேயே இலவச நாட்களைத் தாண்டிக் கிடப்பதற்கு. டிடென்ஷன் என்றால் பெட்டியை வெளியே எடுத்துப்போய்க் காலியாகத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்கு. இரண்டும் கப்பல் நிறுவனத்துக்குப் போகிறது. முனையத்தின் இடவாடகை இவற்றுக்கு அப்பாற்பட்டது, அது முனையத்துக்குப் போகிறது. ஒரே நாளுக்கு டெமரேஜும் இடவாடகையும் சேர்ந்து ஏறும் என்பதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. சில நிறுவனங்கள் டெமரேஜையும் டிடென்ஷனையும் ஒன்றாக்கி ஒரே இலவசக் காலம் தருகின்றன. எந்த முறை என்பதைப் பெட்டி கிளம்புமுன்பே எழுத்தில் கேளுங்கள்.

சுங்கம் சரக்கை நிறுத்திவைத்தாலும் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். "தாமதம் என்னால் அல்லவே" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. விற்பவர்களும் கவனிக்க வேண்டும்: பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில் 'மெர்ச்சன்ட்' என்ற சொல்லுக்கு அனுப்புநர், பெறுநர், சீட்டை வைத்திருப்பவர் என எல்லோரையும் சேர்த்து விளக்கம் எழுதியிருக்கும். வாங்கியவர் சரக்கைக் கைவிட்டு ஓடினால் பில் அனுப்புநரைத் தேடி வரும்.

முழுக் கப்பலை வாடகைக்கு எடுப்பவர்கள் பேசும் டெமரேஜ் வேறு. அங்கே ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட காலத்தை மீறிக் கப்பல் காத்திருந்தால் கப்பல் உரிமையாளருக்குத் தரும் நிர்ணயித்த ஈடு அது. முன்கூட்டியே முடித்தால் ஒப்பந்தத்தைப் பொறுத்து டெஸ்பேட்ச் என்ற பணம் திரும்பக் கிடைக்கும். கன்டெய்னர் பில்லைப் படிக்கும்போது அந்த விளக்கத்தைத் தேடிப் படித்துக் குழம்ப வேண்டாம்.

இனி என் கருத்து. அடுத்த முறை எஃப்.ஓ.பி.யில் (கப்பலில் ஏற்றித் தருவதோடு விற்பவரின் செலவும் பொறுப்பும் முடியும் விலையில்) வாங்குங்கள், காப்பீட்டை நீங்களே எடுங்கள். இந்தத் தொல்லையே வராது.

நங்கூரம்:

காப்பீட்டை நீங்களே எடுங்கள் என்பதில் முழு உடன்பாடு. எஃப்.ஓ.பி. என்பதில் உடன்பாடு இல்லை தராசு. பதினொரு இன்கோடெர்ம்ஸ் விதிகளில் எஃப்.ஏ.எஸ்., எஃப்.ஓ.பி., சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். நான்கும் கடல், உள்நாட்டு நீர்வழிக்கு மட்டுமானவை. விற்பவர் சரக்கைக் கப்பலிலோ கப்பலின் அருகிலோ ஒப்படைப்பதாகக் கற்பனை செய்து எழுதப்பட்டவை. பாரிஸில் சர்வதேச வர்த்தகச் சபை 1936இல் முதன்முதலாக இவ்விதிகளை வெளியிட்டபோது கன்டெய்னர் கப்பலே கிடையாது. ஐடியல் எக்ஸ் கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களோடு கிளம்பியதே 1956 ஏப்ரலில்தான்.

இன்று விற்பவர் பெட்டியை முனையத்தின் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அதன்பின் அது அடுக்கில் கிடக்கிறது, இடம் மாறுகிறது, கப்பல் தாமதமானால் இன்னும் கிடக்கிறது. அந்த நாட்களில் பெட்டி கீழே விழுந்தால்? எஃப்.ஓ.பி.யில் பொறுப்பு இன்னும் விற்பவருடையது, அவர் கையில் பெட்டி இல்லாதபோதும். எஃப்.சி.ஏ. போட்டால் கேரியரிடம் (சரக்கைச் சுமந்து செல்லும் நிறுவனத்திடம்) ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறும். கையில் இருப்பவருக்கே பொறுப்பு என்பதுதான் நியாயம்.

தராசு:

நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். வழக்கம் என் பக்கம் இருக்கிறது. விலைப்பட்டியல் கேட்கும் ஒவ்வொருவரும் எஃப்.ஓ.பி. விலைதான் கேட்கிறார்கள். பல நாடுகளின் ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களும் அந்த மதிப்பில்தான் தொகுக்கப்படுகின்றன. எஃப்.சி.ஏ. என்று எழுதி அனுப்பினால் வாங்குபவர் அது என்ன என்று கேட்கிறார், இரண்டு நாள் விளக்கத்தில் போகிறது, ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடுகிறது. அதைவிட, எஃப்.ஓ.பி. போட்டுவிட்டு, கிடங்கிலிருந்து கப்பல் ஏறும்வரை விற்பவர் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. நான் அப்படித்தான் செய்கிறேன். இடைவெளி அடைபட்டுவிடுகிறது.

வங்கிமேசை:

தராசு சொல்லாத இன்னொரு காரணம் எல்.சி. வங்கி கேட்பது 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங். எஃப்.சி.ஏ.யில் விற்பவர் வாசலில் ஒப்படைத்தபோது கப்பல்காரர் தருவது 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற சீட்டு. அதைக் கொண்டுவந்தால் நான் முரண்பாடு என்று குறித்துவிடுவேன், எனக்கு வேறு வழியில்லை. இதைத் தீர்க்கத்தான் 2020 பதிப்பில் எஃப்.சி.ஏ.க்குள் ஒரு வழி வைத்தார்கள்: இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், ஏற்றியபின் அந்தக் குறிப்புள்ள சீட்டை விற்பவருக்கே வழங்கும்படி வாங்குபவர் கேரியருக்குச் சொல்ல வேண்டும். விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதை எழுதிவரும் ஆட்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

எல்.சி. இல்லாமல் நேரடிப் பணமாற்றத்தில் வணிகம் செய்பவருக்கு இந்தத் தடையே கிடையாது. அவர் எஃப்.சி.ஏ.யைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அலைவரி:

விற்பவரின் இடத்திலேயே சரக்கை எடுத்துக்கொள்ளும் இ.எக்ஸ்.டபிள்யூ. விலைதான் எல்லாவற்றிலும் குறைவாக இருக்கிறது. வாங்குபவர் அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

சுங்கவாசல்:

வேண்டாம். விற்பவரின் நாட்டு ஏற்றுமதிச் சுங்க வேலை வாங்குபவரின் தலையில் விழும். வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் ஏற்றுமதி அறிவிப்புத் தாக்கல் செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. சரக்கை லாரியில் தூக்கி வைப்பதுகூட விற்பவரின் கடமையில் இல்லை. டி.டி.பி. இதற்கு நேரெதிர்: விற்பவர் அயல்நாட்டில் இறக்குமதியாளராகப் பதிந்து வரி கட்ட வேண்டும். இரண்டும் உள்நாட்டு விநியோகத்துக்கும் கூரியருக்கும் பொருந்தலாம், கன்டெய்னருக்கு வேண்டாம்.

புதுவழி, உங்கள் சுங்க முகவர் சரியாகவே சொல்கிறார். சரக்குகளை வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். எண் முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகுக்குப் பொது. அதன்பின் வருபவை அந்தந்த நாட்டின் சேர்க்கை. 'பம்ப் உதிரிபாகம்' என்று எண்ணிப் பார்த்தால் எல்லாம் பம்ப்புக்கான தலைப்பு 8413இல் அடங்கும் என்று தோன்றும். அடங்காது. பேரிங் எந்த இயந்திரத்துக்குப் போனாலும் 8482. மின்மோட்டார் 8501. கியரும் ஷாஃப்டும் 8483. மெக்கானிக்கல் சீல் 8484. எஃகு போல்ட், நட்டு பம்ப்புக்கென்றே வாங்கியிருந்தாலும் 7318, ஏனென்றால் அவை 'பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள்' என்று பிரிவுக் குறிப்பே விலக்கிவைக்கிறது. ரப்பர் கேஸ்கட் 4016. பம்ப்புக்கு மட்டுமே பொருந்துகிற, தனக்கெனத் தலைப்பு இல்லாத இம்பெல்லர், உறை போன்றவைதான் கடைசியில் 8413இல் பாகமாக எஞ்சும்.

எண் தேடும்போது தலைப்பின் சொற்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பிரிவுக் குறிப்பும் அத்தியாயக் குறிப்பும் சட்ட வலிமை உடையவை. முதலாம் பொது விளக்க விதியே அதைத்தான் சொல்கிறது. நான் பார்க்கும் தகராறுகளில் பெரும்பங்கு அந்தக் குறிப்புகளைப் புரட்டாததால் வருபவை.

புதுவழி:

விற்றவர் தன் இன்வாய்ஸில் எண் போட்டிருக்கிறார். அது செல்லாதா?

சுங்கவாசல்:

அது ஒரு தகவல், அவ்வளவுதான். உங்கள் சுங்கத்தின் முன் பொறுப்பு இறக்குமதியாளரான உங்களுடையது. முதல் ஆறு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஐயமான பொருளுக்கு இறக்குமதிக்கு முன்பே சுங்கத்திடம் முன்தீர்ப்புக் கேட்கலாம். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் இந்த வசதியைத் தர வேண்டும் என்கிறது. அட்டவணையின் பதிப்பையும் பாருங்கள். இப்போதிருப்பது 2022 பதிப்பு. அடுத்தது 2028 ஜனவரி 1 முதல்.

மதிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரிக்கு அடிப்படை பரிவர்த்தனை மதிப்பு, அதாவது நீங்கள் உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை. இதோடு சில செலவுகளைக் கூட்ட வேண்டும். அச்சு, டை போன்றவற்றை நீங்கள் இலவசமாக விற்பவருக்குக் கொடுத்துப் பொருள் செய்யச் சொல்லியிருந்தால் அவற்றின் மதிப்பும் சேரும். விற்பனையின் நிபந்தனையாகக் கட்டும் ராயல்டி சேரும். உங்கள் சார்பில் சரக்குத் தேடிய கொள்முதல் முகவரின் கமிஷன் சேராது. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேருமா என்பது நாட்டைப் பொறுத்தது: ஐரோப்பிய ஒன்றியம் எல்லைவரையான கட்டணத்தைச் சேர்க்கிறது, அமெரிக்கா சர்வதேசக் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. எந்த இன்கோடெர்ம்ஸ் விதியில் வாங்கினாலும் சுங்கம் தன் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளும். சி.ஐ.எஃப். தொகையை அப்படியே எழுதிவிட்டு அதன்மேல் கட்டணத்தை இன்னொரு முறை கூட்டி அறிவித்து, அதிக வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இலவச மாதிரிக்கும் மதிப்பு எழுத வேண்டும். 'விலை இல்லை' என்று எழுதினால் சுங்கம் தானே ஒரு மதிப்பைத் தேடும்.

உங்கள் சரக்கு இன்னும் சுங்கத்திலிருந்து விடுபடவில்லை என்றால் சேதத்தைப் பதிவு செய்யச் சொல்லி மனு கொடுங்கள். விடுவிப்புக்கு முன் கெட்டுப்போன சரக்குக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கிடப் பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. வெளியே எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

புதுவழி:

விடுபடவில்லை, சுங்க மேற்பார்வையில் உள்ள கிடங்கில்தான் திறந்தோம். மனு கொடுக்கிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த ஒப்பந்தத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் காப்பீட்டு ஏற்பாடு இன்னும் அமையவில்லை, எனவே இந்த முறையும் விற்பவரே எடுக்கட்டும் என்று நினைக்கிறேன்: 'சி.ஐ.பி., எங்கள் நகரம், இன்கோடெர்ம்ஸ் 2020.' போதுமா?

நங்கூரம்:

பதிப்பின் ஆண்டை எழுதியது நல்லது. பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நகரத்தின் பெயர் போதாது, கிடங்கின் முழு முகவரி வேண்டும். முதலில் சொன்ன இரண்டு எல்லைகள் இதிலும் உண்டு. இழப்புப் பொறுப்பு மாறும் இடத்தையும், அதாவது விற்பவர் முதல் கேரியரிடம் ஒப்படைக்கும் இடத்தையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர் எங்கே ஒப்படைத்தாலும் அங்கேயே மாறிவிடும். சரக்கின் உடைமை எப்போது மாறும், பணம் எப்போது என்பவற்றை இன்கோடெர்ம்ஸ் தொடுவதே இல்லை. அவற்றுக்குத் தனி வரிகள் வேண்டும்.

தராசு:

இந்தச் சரக்குக்கு சி.ஐ.பி. பொருத்தம்தான், மறுக்கவில்லை. இலவச நாட்களையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கப்பலை அமர்த்துபவர் விற்பவர் என்பதால் பேரம் பேசும் வாய்ப்பும் அவரிடம்தான் இருக்கும்.

வங்கிமேசை:

எல்.சி. திறப்பதானால், தேவையான ஆவணங்களைக் குறிக்கும் 46ஏ கட்டத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: காப்பீடு இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் 'ஏ', சி.ஐ.பி. மதிப்பில் 110 விழுக்காடு, கோரிக்கைப் பணம் சேரிடத்தில் வழங்கத்தக்கது. பில் ஆஃப் லேடிங்கில் அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கை இடம்பெற வேண்டும் என்பதையும் அங்கேயே நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். கட்டத்தில் எழுதாததை வங்கி பார்க்காது.

சுங்கவாசல்:

இன்வாய்ஸில் பேரிங், சீல், இம்பெல்லர், போல்ட் எல்லாம் தனித்தனி வரியில் எடையோடும் பிறப்பிட நாட்டோடும் வர வேண்டும். கப்பல் கட்டணமும் காப்பீடும் தனித்தனித் தொகையாக அடியில் காட்டப்பட வேண்டும். இதையும் ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். சரக்கு கிளம்பியபின் இன்வாய்ஸைத் திருத்தித் தரச் சொன்னால் சுங்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.